கேள்வி – பதில்: கடை வெளிச்சத்தில் ஒரு முகம்

கே: ‘ஜீன் மோரியோ’ என்ற பிரெஞ்சு நடிகை யார்? எந்தப் படத்திலிருந்து பார்க்கலாம்?
– வாசகி, காரைக்கால்

ப: காரைக்கால்காரர் ‘ஜீன்’ எனலாமா? ழான் மொரோ. பிரெஞ்சில் Moreau என்று எழுதும் பெயரின் கடைசி மூன்று எழுத்தும் (eau) சேர்ந்து ‘ஓ’தான். 1928-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா இங்கிலாந்திலிருந்து வந்த நடனக்காரர். இருபது வயதுக்குள் கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். 1949 முதல் சினிமாவிலும் இருந்தார். ஆனால் மேடையில் கிடைத்த மவுசு திரையில் இல்லை. கேமராவுக்கு ஒத்துவராத முகம் என்று மேக்கப்பை அப்பி, விளக்கைக் கொட்டி எடுத்தார்கள்.

1958-ல் வெளிவந்த இயக்குநர் லூயி மாலின் ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ படம் அதை மாற்றியது. காதலன் லிஃப்டில் மாட்டிக்கொள்ள, அவனைத் தேடி இரவெல்லாம் ஷான்ஸ் எலிஸே சாலையில் நடக்கிறார். மேக்கப் கிடையாது, கடைக் கண்ணாடிகளின் வெளிச்சம் மட்டும். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகே குறைந்த வெளிச்சத்திலும் பதியும் ‘ட்ரை-எக்ஸ்’ ஃபிலிம் போட்டு, குழந்தைத் தள்ளுவண்டியில் கேமராவை வைத்து உருட்டினார். முகத்தை இப்படிக் கெடுக்கலாமா என்று ஃபிலிம் கழுவும் லேப்காரர்களே பதறிப்போய்ப் புகார் செய்தார்களாம்! கண்ணுக்கடியில் தெரியும் அந்தக் களைப்புதான் நடிப்பு. இங்கிருந்தே தொடங்குங்கள்.

1960-ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை. 1962-ல் ‘ஜூல் எ ஜிம்’ படம். பிறகு இரண்டு கதைப் படங்களை இயக்கவும் செய்தார். 2017-ல் மறைந்தார்.

கே: அதேபோல் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் இரவில் செல்போனில் குறும்படம் எடுக்கலாமா?
– வாசகர், தாராசுரம்

ப: தாராளமாக. ஆனால் ‘ஆட்டோ’வில் விட்டால் கெட்டது. ஆள் கடைக்குக் கடை நடக்கும்போது போன் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். முகம் விட்டுவிட்டு வெளுக்கும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் மாறாதபடி பூட்டுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்பத்தான் துடிக்கும். 30 ஃபிரேம், 1/60 வைத்தால் டியூப்லைட்டில் பட்டை பட்டையாக ஓடும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 800-க்குள் அடக்கப் பாருங்கள். தாண்டினால் பல போன்களில் நிழல் முழுக்கப் புள்ளி.

நடிகரைக் கடையோரமாக மூன்றடிக்குள் நடத்துங்கள். தெரு நடுவுக்கு வந்தால் முகம் இருண்டுவிடும். பாத்திரக்கடைப் பித்தளை நல்ல ரிஃப்ளெக்டர், என்ன, முகத்தில் மஞ்சள் ஏறும். தள்ளுவண்டிக்குப் பதில் சக்கர நாற்காலி போதும். காற்றடைத்த டயரென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். ரோட்டுக் குலுங்கல் ஓரளவு குறையும்.