பழைய லைவ் ராக் கச்சேரிப் பதிவு ஒன்றை இப்போது திரும்பக் கேட்டால் எப்படி இருக்கிறது?

நான் சொல்லப்போவது டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஏழு பாட்டு. போன வாரம் இயர்போனில் முழுசாகக் கேட்டேன். முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

சோமனூர்ப் பக்கம் என் மாமாவுக்குத் தறிக்குடோன். 80களின் கடைசியில் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, இந்த ரெட்டை எல்பி இசைத்தட்டை 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி வந்தார். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, பாட்டு எங்கே கேட்பது? கரண்ட் போனால்தான் எங்களுக்குக் கச்சேரி. தறியெல்லாம் அடங்கியதும் பேட்டரி டேப்பில் மாமா கேசட்டைத் தட்டிவிடுவார். பேட்டரி இறங்கியிருந்தால் டேப் இழுத்து இழுத்து ஓடும். ‘சைல்ட் இன் டைம்’ பாட்டில் பாடகர் இயன் கில்லன் வீறிடும் இடம் அதனால் எனக்கு எருமை கத்துவது மாதிரியே மனதில் பதிந்துவிட்டது. அது எவ்வளவு உச்சத்தில் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அந்த ஆர்கன். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை, கிடார்க்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் விட்டு வாசித்தவர். கரகரவென்று கிடார் போலவே உறுமும். மாமாவின் ஒற்றை ஸ்பீக்கர் டேப்பில் ரெண்டும் குழைந்து எல்லாமே கிடார் என்றுதான் நினைத்திருந்தேன். இயர்போனில் இந்தக் காதில் கிடார்க்காரர் பிளாக்மோர், அந்தக் காதில் லார்ட்! ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் 8 டிராக்கில், அதாவது எட்டுத் தனித்தனித் தடங்களில், பதிந்ததன் அருமை அங்கே தெரிகிறது. பாட்டுகளுக்கு நடுவே மேடையிலிருந்து ஒரு கோரிக்கை வரும்: எல்லாவற்றையும், எல்லாவற்றையும் விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் மைக் செட் அண்ணனிடம் வருஷா வருஷம் கேட்பதும் இதையேதான்.

சரி, அந்தக் கேசட் கதை. ரெட்டை எல்பி மொத்தம் 76 நிமிடம். 60 நிமிடத்தில் எப்படி அடங்கும்? ‘தி மியூல்’ பாட்டில் இயன் பெய்ஸ் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கும்போதே ‘டக்’. ஜமாப் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் யாரோ மேளத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. மறுபக்கம் இன்னும் மோசம்: ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ கிட்டத்தட்ட 20 நிமிடம், கேசட்டில் இருந்தது அதில் பாதி. பாட்டே அவ்வளவுதான் போல என்று இருந்துவிட்டேன். இப்போதும் அந்த ரெண்டு இடத்திலும் கை தானாக எழுகிறது, கேசட்டைத் திருப்ப.

ஞாயிற்றுக்கிழமை போய் மாமாவுக்கு மிச்சப் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், முடிந்ததும் சொன்னார்: “ஏங்கண்ணு, இத்தன இருந்துச்சா? அன்னைக்கே தொண்ணூறு நிமிசக் கேசட்டு வாங்கியிருப்பனே.”