கையெழுத்துக்கு அப்புறம் 41 வருடம்

அன்புள்ள ஐயா,

வெளியுறவுக் கொள்கையைப் பிரதமரும் அவரைச் சுற்றியுள்ள நாலைந்து அதிகாரிகளும்தானே தீர்மானிக்கிறார்கள்? தலைவர்கள் சந்தித்துக் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. நாடாளுமன்றத்துக்கும் மாநிலங்களுக்கும் இதில் என்ன வேலை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முடிவெடுப்பவர்கள் சிலர்தான், சரி. கையெழுத்தோடு முடிந்துவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மேற்கு வங்கத்தின் கூச் பிஹார் எல்லையில் இருந்த சிட்மஹால்களை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 நிலத்திட்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51. சொந்த நாட்டுக்குப் போக அந்த மக்கள் அயல்நாட்டைக் கடக்க வேண்டும். கடக்க பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்கவும் கடந்துதான் போக வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வெளியூர்க்காரர் யாரையாவது அப்பா என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

இதைத் தீர்க்க 1974 மே மாதம் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் ஒப்பந்தம் போட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே ஒப்புதல் கொடுத்துவிட்டது. நம் பக்கம்தான் இழுத்தது. மேற்கு வங்க எல்லையில் உள்ள பெருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கிட 1958இல் நேரு சம்மதித்தபோது, இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொல்லியிருந்தது. அந்தத் திருத்தத்தை மேற்கு வங்கத்தையும் அசாமையும் மீறிக் கொண்டுவர யார் துணிவார்கள்?

2011இல் மன்மோகன் சிங் டாக்கா போய் ஒரு துணை உடன்படிக்கை செய்தார். அதே பயணத்தில் கையெழுத்தாக இருந்த டீஸ்டா நதி நீர்ப் பங்கீடு அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் எதிர்ப்பால் நின்றது. அவர் பயணத்துக்கே வரவில்லை. 2013இல் மாநிலங்களவைக்கு வந்த எல்லை மசோதாவை மம்தாவின் திரிணாமுல் கட்சியும் அசாம் கண பரிஷத்தும் எதிர்த்தன. குடிபெயர்வோரின் மறுவாழ்வுச் செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று கேட்டு, மம்தா பிறகு இறங்கிவந்தார். 2015 மே மாதம் 100ஆவது திருத்தம் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் நிலம் கைமாறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1974இல், ஜூன் மாதம், கச்சத்தீவு ஒப்பந்தம். அதற்கு எந்தத் திருத்தமும் வரவில்லை. நிலத்தைக் கொடுக்கவில்லை, தகராறில் இருந்த கடல் எல்லையை வகுத்தோம், அவ்வளவுதான் என்பது டெல்லியின் வாதம். தமிழக அரசின் எதிர்ப்பு எடுபடவில்லை. 'கொடுத்தோம்' என்று ஒப்புக்கொண்டிருந்தால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேட வேண்டியிருக்கும், நம் எம்.பி.க்களின் கையும் ஓங்கியிருக்கும். 'வகுத்தோம்' என்றதால் அந்தக் கதவே திறக்கவில்லை. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனதும் பெருபாரித் தீர்ப்பைக் காட்டித்தான்.

அன்புடன்