பதில்: ஐந்து புல் ரிக்வெஸ்ட், எதை முதலில் மெர்ஜ் செய்வது?

டேட்டாபேஸில் போன் நம்பரைத் தனி டேபிளுக்கு மாற்ற மூன்று ரெப்போவில் (கோடு இருக்கும் களஞ்சியம்) ஐந்து புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தை மெர்ஜ் செய்ய, அதாவது உள்ளே சேர்க்க, கேட்கும் கோரிக்கை), எதை முதலில் மெர்ஜ் செய்தாலும் இன்னொன்று உடைகிறது என்கிறீர்கள். வரிசையை மாற்றிப் பார்த்துப் பயனில்லைங்க. ஒவ்வொன்றும் மற்றது ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாக நம்பி எழுதப்பட்டிருக்கிறது, கோளாறு அங்கேதான்.

முதலில் புது டேபிளை மட்டும் சேருங்கள், பழையதைத் தொடவே வேண்டாம். அடுத்து பேக்எண்ட் (சர்வர் பக்கக் கோடு) பழையது, புதியது இரண்டிலும் எழுதட்டும், படிப்பது பழையதிலிருந்தே. பழைய பதிவுகளை நகலெடுத்து, எண்ணிக்கை ஒத்துப்போனபின் படிப்பதையும் மாற்றுங்கள். ஆப்பை அப்டேட் செய்யாதவர்கள் இருப்பார்கள், அதனால் ஏபிஐ (ஆப் பேக்எண்டோடு பேசும் வழி) கொஞ்ச காலம் பழைய ஃபீல்டையும் அனுப்பியாக வேண்டும். பழையதை நீக்குவது கடைசி.

ஐந்துக்கும் ஒரே தாய் இஷ்யூ (வேலையைக் குறித்துவைக்கும் பதிவு) திறந்து, எதற்குப் பிறகு எது என்று அதிலேயே எழுதிவையுங்கள். நாங்கள் ஒருமுறை சாட்டில் பேசியதோடு விட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பழையதை நீக்கும் மைக்ரேஷன்தான் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோடு) முதலில் போனது. அன்று வீடு போய்ச்சேர மணி இரண்டு.

ஒரே ரெப்போவில் பிராஞ்ச்களை (கோடின் தனிக் கிளைகள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் 2.38 பதிப்பு முதல், பிராஞ்ச்சைப் புது அடித்தளத்துக்கு நகர்த்தும் ரீபேஸில் ‘அப்டேட்-ரெஃப்ஸ்’ ஆப்ஷன் உண்டு. இடையில் உள்ள பிராஞ்ச்களும் கூடவே நகரும்.