லாக் நட் போட்டால் வீல் திருடு போகாதா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு பழைய ஹூண்டாய் க்ரெட்டா ஒன்று வாங்கினேன். 17 அங்குல அலாய் வீல் உள்ள மாடல். வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால் இரவில் தெருவில்தான் நிற்கிறது. போன மாதம் அடுத்த தெருவில் ஒரு காரின் நான்கு வீலையும் கழற்றிக்கொண்டு, வண்டியைச் செங்கல் மேல் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து ஆக்சஸரீஸ் கடையில், 20 நட்டும் சேர்ந்த 'ஆன்ட்டி தெஃப்ட்' செட் 3,800 ரூபாய் என்கிறார்கள். அதைப் போட்டால் வீல் திருடு போகாதா?

பதில்: அந்த 20 நட் செட்டை வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக வீலுக்கு ஒன்றாக நான்கு நல்ல லாக் நட் போடுங்கள். தெருவில் நிற்கிற க்ரெட்டாவுக்கு அது கட்டாயம் வேண்டும்.

உங்கள் வண்டியின் சாதாரண வீல் நட் 21 மி.மீ. அறுகோணம். எந்தப் பங்க்சர் கடையிலும் கிடக்கிற வீல் ஸ்பேனர் அதைக் கழற்றிவிடும். ஜாக்கியும் செங்கலும் பழகிய இரண்டு ஆளும் இருந்தால் நான்கு வீலும் போவதற்கு அதிக நேரம் பிடிக்காது. லாக் நட் வெளிப்புறம் உருண்டையாக இருக்கும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. தலையில் வளைந்து நெளிந்த ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதே வடிவத்தில் செய்த சாவியைப் பள்ளத்தில் பொருத்தி, சாவியின் மேல்தான் ஸ்பேனரைப் போட வேண்டும். வெறும் ஸ்பேனரோடு வருகிறவன் இதைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

ஆனால் கழற்றவே முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாவியைத் தொலைத்துவிட்டு என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் கழற்றித் தருகிறேன். மலிவான லாக் நட் என்றால், கொஞ்சம் சின்ன சாக்கெட்டை (நட்டின் தலையை மூடிப் பிடிக்கும் குழாய் ஸ்பேனர்) சுத்தியலால் அடித்து இறக்கித் திருகினால் வந்துவிடும். தரமான லாக் நட்டில் வெளியே தனியாகச் சுழலும் ஒரு வளையம் இருக்கும். சாக்கெட்டை அடித்து இறக்கினாலும் அந்த வளையம்தான் சுற்றும், நட் அசையாது. அப்படி ஒரு நட்டோடு, நல்ல வெளிச்சத்தில், எல்லாக் கருவியும் கையில் இருந்தும், அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். ராத்திரி 2 மணிக்குத் தெருவில் அவ்வளவு நேரம் சுத்தியல் சத்தத்தோடு உட்கார எந்தத் திருடனும் துணியமாட்டான். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தாமதத்தையும் சத்தத்தையும்தான். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'சுழல்கிற வளையம் இருக்கிறதா?' என்பதுதான்.

அந்த 20 நட் செட்டுக்கு வருகிறேன். பெரும்பாலும் அது சுற்றிலும் பல் பல்லாக வெட்டிய ஒல்லி நட்டாக இருக்கும். வெளியில் வாங்கும் சில அலாய் வீல்களில் நட் இறங்கும் குழி குறுகலாக இருக்கும். சாதாரண சாக்கெட் உள்ளே போகாது. அதற்காக வந்த நட் இது. பூட்டாக யாரும் இதைச் செய்யவில்லை. இதன் சாவி பத்துப் பேரிடம் வாங்கினால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும், தனியாகவும் விற்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி என்றால் அது என்ன பூட்டு? இதைத் 'திருட்டுத் தடுப்பு' என்று சொல்லி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சிவப்பு, நீலம் என்று பளபளக்கும் சில செட்டுகள் அலுமினியத்தில் செய்தவை. நாலு தடவை கழற்றி மாட்டினாலே மரை தேய ஆரம்பித்துவிடும். திருடனுக்குப் பயந்து வாங்கிய பொருள் ஓடும் வண்டியில் வீலைக் கழற்றிவிடக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுடையது கைமாறி வந்த வண்டி. நட்டின் மரை சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். க்ரெட்டாவுக்கு 12 மி.மீ. ஸ்டட் (நட் ஏறும் மரை போட்ட கம்பி), மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ. ஆனால் நட்டின் அடிப்பாகம் வீலில் உட்காரும் இடமும் பொருந்த வேண்டும். ஹூண்டாய் நட்டின் அடி கூம்பு வடிவம். ஹோண்டா கம்பெனி வீலில் அது பந்து மாதிரி உருண்டிருக்கும். டொயோட்டாவின் பல அலாய்களில் தட்டை வாஷரோடு வரும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் நட்டே கிடையாது, போல்ட்தான். வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு. உருண்டை அடி நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் கையில் இறுகின மாதிரிதான் தெரியும். உண்மையில் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும். இப்படித் தப்பான நட் மாட்டின ஒரு வண்டி, முன் வீல் கடகடவென்று ஆடுகிறது என்று என்னிடம் வந்தது. கழற்றிப் பார்த்தால் ஐந்து ஸ்டட்டில் இரண்டு உடைந்திருந்தது. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் வந்த குடும்பம் அது. இன்னும் சில கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது கம்பெனி வீலா, முந்தைய உரிமையாளர் மாற்றியதா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நட்டைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த நட்டில் தேய்ந்த தடம் அகலப் பட்டையாகத் தெரியும். மெல்லிய கோடாகத் தெரிந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். லாக் நட் வாங்கப் போகும்போது அந்த நட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். 'எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்' என்கிற கடையில் வாங்காதீர்கள்.

அப்புறம் சாவி. என்னிடம் வரும் லாக் நட் தொல்லையில் பெரும்பகுதி திருடனால் வந்ததில்லை, டயர் கடையால் வந்தது. காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் ஏர் கன்னைச் சாவியில் வைத்து அடிப்பார்கள். சாவியின் மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். அடுத்த பங்க்சரின்போது திண்டிவனம் பைபாஸில் ஸ்டெப்னி இருந்தும் நிற்பீர்கள். லாக் நட்டைக் கையால்தான் கழற்ற வேண்டும், கையால்தான் முறுக்க வேண்டும் என்று சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்திருக்கும் கடையில் 11 முதல் 13 kgf·m விசைக்குள் முறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பில் போடும் முன் சாவியைத் திருப்பி வாங்கிவிடுங்கள். கடைப் பெஞ்சில் மறந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். டாஷ்போர்டு அறையில் வைக்காதீர்கள், கண்ணாடியை உடைக்கிறவன் கை முதலில் போவது அங்கேதான். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், ஜாக்கி பையோடு சேராமல், துணியில் சுற்றி வையுங்கள். செட்டோடு எண் அச்சிட்ட அட்டை வந்தால் அது வீட்டில் இருக்கட்டும். மாற்றுச் சாவி வாங்க அந்த எண் வேண்டும். எண்ணே இல்லாத செட்டை வாங்க வேண்டாம்.

பல லட்சம் வாங்கிக்கொண்டு அலாய் வீல் வண்டி விற்கிற கம்பெனிகள், நான்கு லாக் நட்டை எல்லா வண்டியிலும் சேர்த்தே கொடுத்தால் என்ன? ஷோரூமில் அதை மிதியடி, மட்கார்டோடு ஆக்சஸரீஸ் பில்லில் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள்.

வண்டியை வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். அலாரம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கதவைத் திறந்தால்தான் கத்தும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் சத்தமே வராது.

ஒருவேளை வீல் போய்விட்டால், காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2) பிரிவில் இது திருட்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் காவல்துறை தானாக விசாரிக்க வேண்டிய குற்றமாக அதை எடுத்துக்கொள்ளாது. அதனால் புகாரில் வீலின், டயரின் விலையைத் தெளிவாக எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பொருளைப் பறிகொடுத்தவன் ஒரு காகிதத்துக்காக மூன்று நாள் அலைவது எனக்குத் தாங்கவில்லை. 'கிளைம் நான் வாங்கித் தருகிறேன்' என்று நடுவில் வருகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே தகவல் சொல்லலாம். டயருக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள். வெளியில் வாங்கி மாட்டிய அலாய் என்றால் பாலிசியில் அது குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பாதி விலைக்கு 'செகண்ட் ஹேண்ட்' வீல் தருகிறேன் என்பவரிடம் பில் கேளுங்கள். இல்லை என்றால் அது இன்னொருவர் வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் இன்ஷூரன்ஸும் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். தேர்டு பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு வரும் நஷ்டத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. உரிமை மாறிய 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். பழைய வண்டி விற்கும் தரகர்கள் 'எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவார்கள். பாலிசியை எடுத்து முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பெயரே இருந்தால், நட் வாங்கப் போகும் முன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.