ஸ்பான் சரியாக இருக்கிறது, ஆனாலும் கியர் சத்தம் போடுகிறது. பல் வெட்டும் ஹாபிங் மிஷினை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். உங்கள் ஸ்பான், அதாவது சில பற்களைச் சேர்த்து அளக்கும் அகலம், சரியாக வருவதே மிஷினுக்கு ஆதரவான சாட்சி. எப்படி என்று சொல்கிறேன். எனக்கு இது புரிய 38,000 ரூபாயும் ஒரு நல்ல கஸ்டமரும் போனது.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். பழைய மிஷின். வாங்குபவர் "ஓட்டினால் ஊங்... ஊங்... என்று கத்துகிறது" என்று ஜாப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார். நீங்கள் டிஸ்க் மைக்ரோமீட்டரை எடுத்து நாலு இடத்தில் ஸ்பான் பார்த்திருப்பீர்கள், எல்லாம் லிமிட்டுக்குள் இருந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரர் வந்து "வொர்ம் வீல் (டேபிளைச் சுழற்றும் கியர்) போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்.

2011-ல் கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் கடையில் நான் ஹாபிங் ஆபரேட்டர். 3 மாட்யூல் (பல் அளவு), 42 பல், இஎன்8 ஸ்டீலில் ஸ்பர் கியர் (நேர்ப் பல்), போர், அதாவது நடுத்துளை, 35 மி.மீ. எச்7 (துளைக்கான அனுமதி அளவு). அஞ்சு பல்லுக்கு ஸ்பான் கணக்குப்படி 41.62 மி.மீ., பேக்லாஷுக்கு (பல்லுக்குப் பல் விடும் இடைவெளி) கழித்து 41.50-லிருந்து 41.54 வரை ட்ராயிங்கில் இருந்தது. நான் வெட்டியதெல்லாம் 41.52, 41.53. ஒரே கியரில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரு டிவிஷனுக்கு மேல் மாறவில்லை. அப்படியும் 164 பீஸ் திரும்பி வந்தது. ரிஜெக்ஷன் சீட்டில் 'ரன் அவுட் 0.08, அனுமதி 0.05' என்று எழுதியிருந்தது. கியர் சுற்றும்போது பல் வட்டம் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் ரன் அவுட். "அவர்கள் டெஸ்டர்தான் தப்பு" என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். அவர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் மூன்று நாள் மிஷினைப் பிரித்துப் போட்டு, வொர்ம் பேக்லாஷ் அட்ஜஸ்ட் பண்ணி, காசு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த லாட்டும் அதே சத்தம்.

அப்போது டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் முதலாளியைப் பார்க்க வந்தார். என் மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்கண்ணு, போர் எங்க இருக்குதுன்னு இதுக்குத் தெரியுமா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ஸ்பான் என்பது ஒரு பல்லின் முகத்திலிருந்து இன்னொரு பல்லின் முகத்துக்கு உள்ள தூரம். போரை அது தொடுவதே இல்லை. பல்லெல்லாம் தங்களுக்குள் ஒழுங்கான வட்டத்தில் இருந்து, அந்த வட்டம் மொத்தமாக போரை விட்டு நாற்பது மைக்ரான் (0.04 மி.மீ.) தள்ளியிருந்தாலும் ஸ்பான் அச்சுப் பிசகாமல் வரும். ஆனால் டேபிளைச் சுழற்றும் வொர்ம் வீல் கெட்டிருந்தால், பல் சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி விழும். அப்போது ஸ்பானே இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஸ்பான் ஒரே சீராக வந்து, ரன் அவுட் மட்டும் அடித்தால் வொர்ம் வீலைத் தொடவே வேண்டாம். ஜாப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.

பெரியவர் செய்யச் சொன்னது இது. கியரை டேப்பர் மாண்ட்ரலில் (லேசாகச் சரிவாகக் கடைந்த தண்டு) இறுக்கி இரண்டு சென்டருக்கு நடுவே வைத்தோம். பழைய நீடில் பேரிங்கிலிருந்து எடுத்த 5 மி.மீ. ரோலரை ஒவ்வொரு பல் இடுக்கிலும் வைத்து, மேலே டயல் கேஜ். 42 இடுக்கிலும் எழுதினோம். ரீடிங் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. சுற்றுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். மொத்தம் 0.08. திருப்பி அனுப்பியவர்களின் டெஸ்டர் சரிதான்.

அப்புறம் டேபிளில் ஒரு பஞ்ச் மார்க், அதற்கு நேராக ஒவ்வொரு பிளாங்கிலும் (பல் வெட்டாத வட்டு) பெயின்ட் மார்க் வைத்து அஞ்சு பீஸ் வெட்டச் சொன்னார். அஞ்சிலும் மேடு வேறு வேறு இடத்தில் வந்தது. டேபிளோ ஆர்பரோ (பிளாங்கைப் பிடிக்கும் தண்டு) வளைந்திருந்தால் அஞ்சுக்கும் ஒரே பக்கம்தான் வர வேண்டும். இது சிதறி வருகிறது என்றால் பிளாங்க் ஆர்பரில் ஆடுகிறது. ஆர்பரை அளந்தோம். மேலே யாரும் தொடாத இடத்தில் 34.99. பிளாங்க் உட்காரும் இடத்தில் 34.94. போர் 35.02. எண்பது மைக்ரான் இடைவெளி, டயலில் எண்பது மைக்ரான். கண்ணால் பார்த்தால் ஆர்பர் கண்ணாடி மாதிரி பளபளவென்றுதான் இருந்தது.

இஎன்31-ல் ஹார்டன் பண்ணி கிரைண்ட் செய்து, 34.995-லிருந்து எட்டெட்டு மைக்ரான் கூட்டி மூன்று ஆர்பர் போட்டோம். எது இறுக்கமாக ஏறுகிறதோ அதில் பிளாங்க். ரன் அவுட் 0.02, 0.03-க்கு வந்துவிட்டது. "ஹைட்ராலிக் மாண்ட்ரல் (எண்ணெய் அழுத்தத்தில் விரிந்து போரைப் பிடிப்பது) போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று யாராவது சொல்ல வருவீர்கள். தெரியும். விலையும் தெரியும். சிஎன்சி ஹாபிங் வைத்திருப்பவர்களுக்கு நான் எழுதவில்லை. நான் டிப்ளமோகூட முடிக்காதவன், புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருந்தால் புத்தகமே சரியாக இருக்கட்டும்.

ஆர்பர் நன்றாக இருந்தால் பிளாங்கின் முகத்தைப் பாருங்கள். போரும் முகமும் லேத்தில் ஒரே செட்டிங்கில் முடித்ததா? நாலு பிளாங்கை அடுக்கி வெட்டுகிறீர்கள் என்றால் இது முக்கியம். முகம் கோணலாகவோ பிசிறோடோ இருந்தால், நட்டை முறுக்கும்போது ஆர்பரே வளையும். 90 டிகிரி இடைவெளியில் நாலு பல்லில் லீட் (பல் நீளவாக்கில் சாயாமல் போகிறதா என்பது) பாருங்கள். எதிரெதிர்ப் பல் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் பிளாங்க் கோணல். நாலும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் டெய்ல் ஸ்டாக் (ஆர்பரின் மறுமுனையைத் தாங்குவது), ஹெலிகல் (சாய்ந்த பல்) என்றால் டிஃபரன்ஷியல் சேஞ்ச் கியர் கணக்கு என்று போக வேண்டும்.

ஹாப், அதாவது பல்லை வெட்டும் டூல், பக்கம் நான் அதிகம் அடிபடவில்லை. ஹாப் ஏற்றியதும் இரண்டு காலரிலும் டயல் வைத்து பத்து மைக்ரானுக்குள் கொண்டுவருவேன், ஸ்பேசர் முகத்தைத் துடைக்காமல் போட மாட்டேன். ஒரே ஒரு தடவை, ஒரு பல் விட்டு ஒரு பல் தடித்து வந்தது. டூ ஸ்டார்ட் ஹாப் (இரண்டு புரி), இரட்டைப்படைப் பல். அப்படி வெட்டினால் ஹாபின் ஒரு புரி வெட்டிய இடுக்குகளை மற்றொரு புரி தொடவே தொடாது. இரண்டு புரிக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே கியரில் இறங்கும். சிங்கிள் ஸ்டார்ட் மாற்றியதும் போய்விட்டது. ஃபீடும் பாருங்கள். 70 மி.மீ. ஹாபில் சுற்றுக்கு 4 மி.மீ. ஃபீட் கொடுத்தால் பல் முகத்தில் ஏறக்குறைய இருபது மைக்ரான் ஆழத்துக்கு அலை நிற்கும். 1.5 கொடுத்தால் மூன்றுக்குள் அடங்கும். ஷேவிங் (வெட்டிய பிறகு பல் முகத்தைச் சீவுவது) இல்லாத கியருக்கு நாலு கொடுத்துவிட்டு மிஷினைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

அந்த 164 பீஸுக்கு மெட்டீரியலோடு சேர்த்து டெபிட் நோட் போட்டார்கள். சரி, தப்பு எங்களுடையது. ஆனால் அதைச் சாக்காக வைத்து முந்தைய நல்ல லாட்டுகளின் பணத்தையும் நாலு மாதம் நிறுத்தினார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அரசின் இணையதளத்திலேயே புகாரும் கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள், அடுத்த மாதம் உங்களுக்கு ஆர்டர் வராது. நாற்பது மைக்ரானுக்கு எங்களைப் பிடிக்கிறவர்களுக்கு நாற்பத்தைந்து நாள் மட்டும் கண்ணில் படாது. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, விடுங்கள்.

ரோலரும் டயலும் வைத்து ஒரே ஒரு கியரைப் பாருங்கள், அரை மணி நேர வேலை. மேடு ஒன்றா, பலவா, டேபிள் மார்க்குக்கு எந்தப் பக்கம் என்று எழுதினால் மேலே பேசலாம். இன்னொன்றும் எழுதுங்கள்: சத்தம் ஹாபிங் முடிந்ததுமே இருந்ததா, ஹார்டனிங் போய் வந்த பிறகா? அதை நீங்கள் கேள்வியில் சொல்லவே இல்லை.