எந்த எல்லையை வரைவது?

அன்புள்ள ஐயா,

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பாரம்பரிய எல்லையை வரைபடமாக்க இளைஞர்கள் சிலர் முயன்று வருகிறோம். வருவாய்த்துறை வரைபடத்தில் ஒரு எல்லை இருக்கிறது. பெரியவர்கள் கருப்பர் கோயிலைத் தாண்டி வேறு எல்லை சொல்கிறார்கள், அதுவும் ஆளுக்கொன்றாக. எதை எடுத்துக்கொள்வது?

வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாவற்றையும் வரையுங்கள், தனித்தனி அடுக்குகளாக. க்யூஜிஐஎஸ் (QGIS) போன்ற இலவச வரைபட மென்பொருளே இதற்குப் போதும்.

வருவாய்த்துறையின் கோடு நிலவரிக்காக அளந்தது. ஊரின் வாழ்க்கை அதற்குள் அடங்குவதில்லை. கண்மாய் ஒரு கிராமத்தில் இருக்கும். மடைத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு அடுத்த கிராமத்துக்குள் நீளும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பார்களே, அந்த எல்லை காப்பு அவிழ்க்கும் வரைதான். “ஓடைக்கரைப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம்” என்று கையை நீட்டுவார்கள். மரம் விழுந்து பல காலம் ஆகியிருக்கும். இடத்தில் சந்தேகமே வராது. அந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்து, சொன்னவர் யார், எந்தத் திருவிழாவுக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஆனைமங்கலத்தின் எல்லையைப் பிடியானையை நடத்திச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டுக் குறித்தார்கள். நீங்களும் பெரியவர்களோடு நடந்தே எடுங்கள். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். பாறையடியிலும் மரக்கூட்டத்திலும் இன்னும் அதிகம். பெரியவர்கள் வேறுபடும் இடங்களில் மெல்லிய கோடு வேண்டாம். வெளிர்நிறத்தில் அகலப் பட்டையாகத் தீட்டுங்கள். அங்கே கூர்மையான கோடு போட்டால் அது பொய்.

இந்த வேலை ஏன் அவசரம் என்று உங்கள் பகுதிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரிட்டாபட்டியில் 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது சுமார் 193 ஹெக்டேர். 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன பரப்போ 2,000 ஹெக்டேருக்கும் மேல், அந்தத் தலத்தையும் உள்ளடக்கி. மக்கள் போராடித்தான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அறிவிக்கப்பட்ட தலத்துக்கு வெளியே இருக்கும் கண்மாய்களும் கோயில்களும் ஊர்ப் பொது மந்தைவெளிகளும் வரைபடத்தில் இருந்தால்தான் நாளைக்கு எடுத்துக் காட்ட முடியும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். சாமி சுற்றிவரும் பாதையை ஊர் எல்லையாக எடுத்துக்கொண்டால் பல ஊர்களில் தலித் மக்கள் வாழும் காலனி வெளியே நின்றுவிடும். அந்த விலக்கலுக்கு உங்கள் வரைபடம் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் முத்திரை குத்தக் கூடாது. ஊர்வலப் பாதையை ஊர்வலப் பாதை என்று மட்டும் குறியுங்கள். காலனிப் பெரியவர்களோடு தனியாக ஒரு நடை போங்கள். அவர்களுடைய சாமி, கிணறு, சுடுகாட்டுப் பாதை, அவர்கள் மாடு மேய்த்த கரடு என எல்லாம் அதே வரைபடத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். இதைக் கடைசிக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

இணையத்தில் வெளியிடும் பிரதியில் மட்டும் பழைய சிலைகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டாதீர்கள், சிலைத் திருடர்களுக்கு அது வழிகாட்டிவிடும். முழுப் பிரதியை அச்செடுத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் வையுங்கள்.