22 நிமிடத்துக்குள் ஒரு வில்லனின் முன்கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளுக்கான சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றுக்கு 22 நிமிடத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வில்லன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்லவே 6 நிமிடம் போய்விடுகிறது. சண்டைக்கு நடுவில் அவனே தன் கதையைச் சொல்கிறான். அந்த இடத்தில் கதை படுத்துவிடுகிறது என்கிறார் இயக்குநர். ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரின் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அத்தியாயத்தைப் பார்த்தேன். அதன் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் ஒரு பொம்மையிடம் பேசும் முதல் காட்சியிலேயே அவன்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. என் வில்லனுக்கும் அப்படியொரு வசனம் வைத்தால் போதுமா?

ச.

அன்புள்ள ச.,

போதாது. அந்த முதல் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கண்ணாடி உருண்டைக்குள் பனி, நடுவே நடனமாடும் பெண் பொம்மை. அதனிடம் ஒருவன் பழிதீர்க்கப் போவதாகச் சொல்கிறான். அவள் யார், அவளுக்கு என்ன ஆயிற்று, இவனுக்கு யார் மேல் கோபம், எதற்கும் விடை கிடையாது. பார்ப்பவர் மனதில் கேள்வியை ஊன்றிவிட்டு அத்தியாயம் கொள்ளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஃப்ரீஸின் துப்பாக்கி தவறிப்போய் அவனுடைய ஆள் ஒருவனின் கால்களையே உறைய வைக்கிறது. அவனை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்கிறான் ஃப்ரீஸ். இரக்கம் வருவதற்கு முன்பே எழுத்தாளர் பால் டினி அவனை இவ்வளவு கொடியவனாகக் காட்டிவிடுகிறார். இந்தத் துணிச்சல் உங்களுக்கும் வேண்டும்.

முன்கதை வருவது இரண்டு தவணைகளில். முதலில் பொய். கோத்கார்ப் நிறுவனத் தலைவர் ஃபெரிஸ் பாயிலை, முகமூடி போடாத பேட்மேனான புரூஸ் வெய்ன் போய்ப் பார்க்கிறான். நிறுவனத்தின் கருவிகளைச் சொந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய ஒரு விஞ்ஞானி, நிறுத்தச் சொன்னபோது நடந்த விபத்து என்கிறார் பாயில். அதற்கப்புறம்தான் உண்மை. பேட்மேன் நிறுவனத்துக்குள் நுழைந்து ஒரு வீடியோ நாடாவைக் கண்டெடுக்கிறான். அதில் விக்டர் ஃப்ரைஸ், தீராத நோய்கொண்ட மனைவியைக் குளிரில் உறையவைத்துக் காப்பாற்ற முயல்கிறான். காவலர்களோடு வந்த பாயில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார். ஃப்ரைஸ் துப்பாக்கியைப் பறிக்கிறான். பாயில் நயமாகப் பேசி அதைத் தாழ்த்தவைத்து, அடுத்த நொடியே அவனை ரசாயனங்கள் மேல் உதைத்துத் தள்ளுகிறார். பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரில் மட்டுமே உயிர்வாழும் ஃப்ரீஸ் அங்கேதான் உருவாகிறான்.

விக்டரும் மனைவியும் எங்கே சந்தித்தார்கள், என்ன நோய், எத்தனை வருட மணவாழ்க்கை, எதுவும் கிடையாது. ஒரே அறை, ஒரே சம்பவம். நாம் ஏற்கெனவே கேட்ட பொய்யை அது உடைப்பதால் விளக்கம் மாதிரி இல்லாமல் சாட்சியம் மாதிரி நிற்கிறது. உங்கள் திரைக்கதை படுக்கும் காரணமும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் வில்லன் கதை சொல்லும் நேரத்தில் எதிரே நிற்பவனுக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. முன்கதையை எடுத்துவிட்டால் நாயகன் செய்யும் காரியம் ஏதாவது மாறுமா என்று பாருங்கள். இங்கே மாறுகிறது. நாடா இல்லாவிட்டாலும் பேட்மேன் ஃப்ரீஸைப் பிடித்திருப்பான். ஆனால் பாயில் மனிதநேய விருதோடு வீட்டுக்குப் போயிருப்பார். நாடா நிருபர் சம்மர் க்ளீசனின் கைக்குப் போவதால்தான் அது நடக்கவில்லை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வசனத்தைத்தான் நம்புகிறீர்கள். ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாரா உணர்ச்சியை உருவி எடுத்துவிட்டுப் பேசுகிறார். அழவேண்டிய வரிகளில்கூட ஏற்ற இறக்கம் இல்லை. மைக் மிக்னோலா வரைந்த உருவத்தில் கண்களைச் சிவப்புக் கண்ணாடி மறைத்திருக்கிறது, தலைமேல் கண்ணாடிக் கூண்டு வேறு. முகத்தில் காட்ட வழியில்லாத துக்கத்தைப் பார்ப்பவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார். உங்கள் வில்லனின் வசனத்தில் ‘வலி’, ‘தனிமை’, ‘கண்ணீர்’ என்று வரும் சொற்களை முதலில் அடித்துவிடுங்கள்.

முடிவுக்கான பொருளை முன்கூட்டியே வைப்பதற்கும் இதுவே நல்ல பாடம். பேட்மேனுக்கு ஜலதோஷம், வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் கோழி சூப்பை ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொடுக்கிறார். குழந்தைகள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். கடைசிச் சண்டையில் அந்தச் சூடான சூப் ஃப்ரீஸின் தலைக்கூண்டில் படுகிறது. உறைந்த கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சூடேறி விரிந்தால் விரிசல் விடும். விளக்கமே தேவையில்லை.

1959இல் ‘மிஸ்டர் ஸீரோ’ என்ற பெயரில் காமிக்ஸில் வந்தபோது இவன் பனித் துப்பாக்கி வைத்திருந்த ஒரு திருடன், அவ்வளவுதான். புரூஸ் டிம் இயக்கத்தில் 1992 செப்டம்பர் 7 அன்று ஒளிபரப்பான இந்த ஒரு அத்தியாயம் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தது. டினிக்கு எழுத்துக்கான டேடைம் எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது கிடைத்தது. பிற்பாடு காமிக்ஸும் இந்தக் கதையையே எடுத்துக்கொண்டது.

உங்கள் 6 நிமிடத்தில் ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றரை நிமிடமாகச் சுருக்குங்கள். அதைப் பற்றி வேறொருவர் பொய் சொல்லும் சிறு காட்சி ஒன்றை அதற்கு முன்னால் எழுதுங்கள். உண்மையை வில்லன் வாயால் சொல்லவிடாதீர்கள். நாயகன் தேடிக் கண்டுபிடிக்கட்டும், அதுவும் கதையின் பாதிக்குப் பிறகு.